மூன்றாம் பக்கம்

வானொலி நேரலைக்கு நான்கு நிமிடம் இருந்தது. நான் மூன்றாவது முறையாகக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்ன போக்னா, பரீட்சைக்கு வந்த புள்ள மாதிரி இப்படி வெடவெடங்குற? ஜனம் வந்திருக்கிறதே உன் மூணாம் பக்கத்தக் கேக்கத்தான்," என்றான் விட்டெக். பதினேழு வருடமாக எனக்கு டிரம்ஸ் வாசிக்கிறான். வாய் மட்டும் அடங்காது.

அவனுக்கென்ன தெரியும்? வார்சாவில் வாசித்தாயிற்று, பாரிஸில் வாசித்தாயிற்று. நான் பியானோ படித்த இந்தக் கல்லூரி மேடையை மட்டும் பத்தொன்பது வருடமாகத் தட்டிக்கழித்து வந்தேன்.

இசைமேதை பாக் எழுதிய ஒரு இசைத்துண்டை இரண்டு பக்கம் எழுதியது எழுதியபடி வாசிப்பேன். மூன்றாம் பக்கத்தில் சட்டென்று அதை உதறிவிட்டு, மனம்போன போக்கில் ஜாஸுக்குள் பாய்வேன். அந்த இடம்தான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது, சோறு போட்டது.

ஏன் சரியாக அங்கே என்று கேட்காத பத்திரிகைக்காரன் இல்லை. ஆளுக்கொரு கதை அளந்துவிட்டிருக்கிறேன்.

மேடையேறினேன். எதிரே, சுவரோரம், தேர்வு நடத்துபவர்கள் உட்காரும் அதே நீள மேஜை. அதன்மேல் அதே பித்தளை மணி. சனியன், அதை இன்னும் யாரும் தூக்கிப் போடவில்லை.

நேரலைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. வாசித்தேன்.

முதல் பக்கம் போயிற்று. இரண்டாம் பக்கமும் போயிற்று.

விட்டெக் குச்சிகளைத் தூக்கினான்.

விரல்கள் பாயவில்லை. நேராகப் போயின. எழுதியது எழுதியபடி, ஒரு சுரம் பிசகாமல். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. கடைசிச் சுரத்தில்தான் நின்றன.

அரங்கில் இரண்டொருவர் இருமினார்கள். விட்டெக்கின் குச்சிகள் இன்னும் அந்தரத்திலேயே இருந்தன.

"அடிப்பாவி, மறந்துட்டியா?" என்று கிசுகிசுத்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் இதே மேடையில்தான் என் இறுதித் தேர்வு, இதே இசைத்துண்டுதான். இசைத்தாளைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் அடுத்த வரி மறந்துபோயிற்று. நேரம் முடிந்து அந்த மணி அடிக்கும்வரை கைக்கு வந்ததையெல்லாம் வாசித்தேன். அதற்குப் பிறகு அந்தத் தாளைத் தொட்டதே இல்லை. அன்று கைக்கு வந்ததைத்தான் இன்றுவரை வாசித்துப் பிழைக்கிறேன்.

மறந்த வரி இப்போது வந்துவிட்டது. முழுதாக. எனக்குப் பயமாக இருந்தது.

"ஆமாடா, மறந்துட்டேன்," என்றேன்.