தலைகீழாகத் தொங்கும் மரம்

"மரம் தலைகீழாத் தொங்குமாம்மா? வருஷத்துக்கு ஒரு குட்டி போடுமா?"

அதிகாரி வீசிய ஆணை தட்டச்சுக்காரியின் மேசையில் வந்து விழுந்தது. அலுவலக வாசலில் நிற்கும் அத்திமரத்தை வெட்டுவதற்கான ஆணை. மரத்தின் விவரத்தையும் அதில் வாழும் வௌவாலின் விவரத்தையும் அடுத்தடுத்த கட்டங்களில் காட்டும் அட்டவணையும் அதிலேயே இருந்தது.

"வௌவாலுக்கு வேர் முப்பதடி ஓடுதாம்! இந்த மாதிரி மரம் இங்க இல்லன்னு வெட்ட வந்தவங்க சிரிச்சுட்டுத் திரும்பிட்டாங்க. பத்து வருஷமா டைப் பண்றே, கட்டம் மாறினது கண்ணுல படலையா?"

"கையெழுத்துப் போட்டப்ப உங்க கண்ணுல பட்டுதா சார்?"

அதிகாரி ஆணையை வெடுக்கென்று எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். அவளுக்கோ பொறுத்தது போதும் என்றாகிவிட்டது.

"தப்பில்ல சார், நான்தான் வேணும்னே மாத்தினேன். மரம் பூரா பறக்கத் தெரியாத குட்டிங்க, இப்ப வெட்டாதீங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். ஒண்ணையாவது படிச்சீங்களா? இதையும் படிக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"வேலை போயிடும், தெரியும்ல?"

"போகட்டும். புது ஆணை வர எத்தனை நாளாகும்?"

"மூணு மாசம்!" என்று பல்லைக் கடித்தார்.

"குட்டிங்க பறக்க ரெண்டு மாசம் போதும் சார்."