வெளியே எதுவும் இருக்கக் கூடாது

கதவைத் தாழ் போட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு அம்மாவின் நினைவு வந்தது.

அம்மா வெளியே இருந்தாள்.

முற்றத்துப் பூவரசில், மண் கலயத்தில். வாயை வெள்ளைத் துணியால் கட்டி, ஆள் உயரக் கிளையில் காலையில் அவளேதான் தொங்கவிட்டிருந்தாள்.

கண்ணில் பட்ட எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள், செடித் தொட்டிகள், ஊஞ்சல் பலகை, கால்மிதி கூட. சமையலறைக் கதவில் வீட்டுக்காரம்மா ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். புயல் வந்தால் வாடகைக்கு வந்தவர்கள் செய்ய வேண்டியவை. டிரம்மில் தண்ணீர் பிடிக்கவும். சிலிண்டரை மூடவும். காற்று கூடினால் ஜன்னல் இல்லாத நடு அறையில் இருக்கவும்.

முதல் வரி மட்டும் சிவப்பு மையில். வெளியே எதுவும் இருக்கக் கூடாது.

எதுவும் என்றதில் அம்மா அடங்குவாள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவைப் போய் யார் நாற்காலியோடு சேர்த்து நினைப்பார்கள்?

அஸ்தியைக் கரைக்கத்தான் ராமேஸ்வரம் வந்தார்கள். காலையில் கடற்கரையில் கயிறு கட்டியிருந்தது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியாயிற்று, யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று போலீஸ்காரர் கலயத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார். சரி, ஊருக்காவது போகலாம் என்று மூட்டை கட்டுவதற்குள் பாலத்தில் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள்.

தாழை நீக்கினாள். காற்று கதவைக் கையிலிருந்து பிடுங்கியது.

கலயம் அடிமரத்தில் மோதப் போய்த் திரும்பியது. ஒரு சாண்தான் இடைவெளி.

ஓடினாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

கலயம் கைக்கு வந்ததும்தான் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் உள்ளே கொண்டுபோக முடியாது.

அஸ்தியை வீட்டுக்குள் ஏற்றுவதில்லை. சொந்த வீட்டிலேயே கூடாது. இது அடுத்தவர் வீடு. கோயிலுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லித்தான் மூன்று நாளைக்கு எடுத்திருந்தார்கள். அவள் கணவன் திருமூர்த்தி வாசற்படியில் நின்றான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பாவம், அவன்தான் என்ன செய்வான்.

அவளுக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது.

உள்ளே வராமல் இருப்பது அம்மாவுக்குப் புதிதா என்ன?

பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டேன், ராத்தங்க மாட்டேன் என்று பத்தொன்பது வருடம் சாதித்தவள். திருப்பூருக்கு வந்தால் நாற்காலி நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். தண்ணீர் கூட அவள் கொண்டுவந்த பாட்டிலில்தான். ஐந்து மணி ஆனால் போதும், தாராபுரத்துக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்துவிடுவாள். அது கடைசி பஸ் இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும்.

பெற்ற மகள் இவள் டைபாய்டில் கிடந்தபோதும் வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அதே பஸ்ஸைப் பிடித்தாள்.

மழை தொடங்கியது. கலயத்தை முந்தானைக்குள் மூடிக்கொண்டு மரத்தடியிலேயே நின்றாள்.

பின் வீட்டிலிருந்து ஜெயராக்கினி வந்தாள். வீட்டுக்காரம்மா அவள்தான். தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்திருந்தாள். வாடகைக்கு வந்தவர்கள் ஒழுங்காகச் செய்தார்களா என்று பார்க்க வந்தவள், கலயத்தைப் பார்த்தாள். அதன் வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பொய் சொன்னது வெட்டவெளிச்சமாகிவிட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இவளுக்குத் தெரியவில்லை.

ஜெயராக்கினி சிடுசிடுத்தாள்.

“வெளிய ஒன்னும் இருக்கக் கூடாதுன்னு எழுதித்தானே ஒட்டியிருக்கேன்? உள்ள கூட்டிட்டு வாங்க அவங்கள.”

நடு அறை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த பாத்திரங்களை அவளே எடுத்து வைத்தாள். ஒரு துண்டை மடித்துப் போட்டு இடம் செய்தாள். யாரு என்று கேட்டாள். அம்மா என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு சிலிண்டரை மூடினீர்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

காற்று கூடியது. எங்கோ ஒரு தகரம் பறந்து போய் விழுந்தது.

அவள் அலமாரிக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

ஐந்து மணி ஆயிற்று.

யாரும் எழுந்து கிளம்பவில்லை.

அவள் அங்கேயே படுத்துக்கொண்டாள். வெளியே அத்தனை சத்தம். எப்படித்தான் தூக்கம் வந்ததோ, இப்படித் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. புயல் கரைக்கு வருமுன்னே வலுவிழந்துவிட்டதாம். முற்றத்தில் பூவரசின் அந்தக் கிளை முறிந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது.

திரும்பவும் பாயில் உட்கார்ந்தாள்.

திருமூர்த்தி தெருமுனை வரை போய் விசாரித்துவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, பாலத்தில் பஸ் விட்டுவிட்டார்கள் என்று வாசலிலிருந்து உரக்கச் சொன்னான்.

அவள் சட்டென்று அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்தாள்.

பிறகு அவனைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தாள்.