வர்றேன்

குன்றின் மேல் ராடார் சுற்றிக்கொண்டிருந்த வரை எதிர்க்கரை நாட்டுக் கப்பல்கள் எங்கள் தீவை நெருங்கியதில்லை. அதைக் காத்தவர்கள் நேச நாட்டுச் சிப்பாய்கள். அவர்களில் நெட்டையன் ஒருவன் செங்கமலத்தின் டீக்கடைக்குத் தினமும் வருவான். அங்கேயே தமிழும் கற்றான். ஆரம்பத்தில் ஒருநாள் கிளம்பும்போது "போறேன்" என்றான். அவள் பதறிப்போனாள்.

"அப்படிச் சொல்லாதப்பா. திரும்பி வராதவங்கதான் அப்படிச் சொல்வாங்க. போயிட்டு வர்றேன்னு சொல்லணும்."

அதன் பிறகு அவன் ஒருநாளும் தவறியதில்லை.

போன மாதம் அவன் நாட்டில் தேர்தல். யாருடைய தீவுக்கோ நம் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்று கேட்ட கட்சி ஜெயித்தது. "அங்கே யார் ஜெயித்தால் என்ன, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்" என்று எங்கள் அமைச்சர் வானொலியில் சொன்னார். கடையில் இருந்த எல்லோரும் தலையாட்டினோம். வேறென்ன செய்வது?

இன்று காலை அவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"போறேன்க்கா."

செங்கமலம் சிரித்தாள். "இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்தும் மறந்துட்டியா? போயிட்டு..."

"மறக்கலக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.