கடையில் ஒரே கூட்டம்

"லேபிளைப் படிங்கம்மா. அவசரமில்ல, மெதுவாப் படிங்க."

பூங்குழலி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"நானூத்தம்பது வாட்ஸ்னு போட்டிருக்குது பாய்."

"அதான் விஷயம். புதுசா மாட்டுன கிராபிக்ஸ் கார்டு ஒண்ணே இருநூறுக்கு மேல இழுக்கும். கரண்ட் குடுக்குற அந்த பவர் சப்ளை டப்பா எப்படித் தாங்கும்? பாதி வேலையில ஆஃப் ஆவத்தான் செய்யும்."

சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீடுகளின் உள் அலங்காரத்தை கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது பூங்குழலியின் வேலை. கணவன் மஸ்கட்டில். செஞ்சியில் இந்த மாடி வீட்டில் அவள் மட்டும்தான். இனி படம் போதாது, வீட்டுக்குள் நடந்து போவதுபோல் வீடியோவாக வேண்டும் என்று கம்பெனி சொன்னதால் அதற்கான கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பழையதாக வாங்கி மாட்டியிருந்தாள். அன்றிலிருந்து வீடியோ பாதி ஓடும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

யாரைக் கேட்பதென்று தெரியாமல் தவித்தபோதுதான் பெட்டியின் முதுகில் இருந்த ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. 'சர்தார் கம்ப்யூட்டர்ஸ், 112, திருவண்ணாமலை ரோடு, செஞ்சி.' யாரோ உபயோகித்து விற்ற பெட்டி அது. அதிலிருந்த ஃபோன் நம்பரைப் போட்டதும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் சர்தார் பாய்.

"ஒரு கடையில அறுநூறு வாட்ஸ் பவர் சப்ளைன்னு ஒண்ணு காட்டுனாங்க பாய். விலையும் கம்மி."

"கையில தூக்கிப் பாத்தீங்களா?"

"லேசாத்தான் இருந்துது."

"அப்ப தொடவே தொடாதீங்க. உள்ள சரக்கு இருந்தா வெயிட்டு இருக்கும். மேல இன்னா வேணாலும் எழுதி ஒட்டலாம்மா. அது போச்சுன்னா சும்மா போவாது, கார்டையும் சேத்து இழுத்துக்குனு போயிடும்."

பூங்குழலி பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டாள்.

"அறுநூத்தம்பது வாங்குங்க. கார்டுக்குப் போற ஒயர் தனித்தனியா ரெண்டு இருக்குதான்னு பாருங்க. வாரண்டி அஞ்சு வருஷத்துக்குக் கொறையக் கூடாது. ஒரு நிமிஷம் இருங்கம்மா, கஸ்டமர் வந்திருக்காரு."

"பரவால்ல பாய், நான் அப்புறமா பண்றேன்."

"வேணாம்மா, வேணாம்! அவரு போயிட்டாரு. நீங்க சொல்லுங்க."

"உங்க கடையிலேயே வாங்கிக்கிறேன். நாளைக்கு வரட்டுமா?"



"என்கிட்ட ஸ்டாக் இல்லம்மா. திண்டிவனத்துல கிடைக்கும், அங்க வாங்கிக்குங்க. வாங்கினதும் எனக்கு ஃபோன் பண்ணுங்க. எப்படி மாட்டுறதுன்னு சொல்றேன்."

"வர்ற வியாபாரத்த இப்படி விடுறீங்களே பாய்!"

சர்தார் சிரித்தார். பிறகு, "சாப்டீங்களா?" என்றார்.

மணி மூன்றாகியிருந்தது. தான் இன்னும் சாப்பிடவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் பூங்குழலிக்கு நினைவு வந்தது.

சனிக்கிழமை திண்டிவனம் போய், ஒன்றுக்கு இரண்டு முறை தூக்கிப் பார்த்து வாங்கினாள். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் ஃபோனில் இருந்தார் சர்தார். எந்தத் திருகை முதலில் கழற்றுவது, எந்த ஒயரை எங்கே சொருகுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் தப்பாக மாட்டியபோதும் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நடுநடுவே அவள் பிறந்த ஊரைக் கேட்டார். தொண்டூர் என்றதும், அங்கே யார் யார் வீட்டுக்கு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தார் என்று சொன்னார்.

பெட்டியை மூடி, வீடியோவை ஓடவிட்டாள். வழக்கமாக அணைந்துபோகும் ஐம்பது சதவீதத்தைத் தாண்டியது.

"எண்பது பாய்!"

"பொறுங்க, பொறுங்க."

"தொண்ணூத்தஞ்சு... முடிஞ்சிருச்சு பாய்! நூறு!"

திரையில், யாரோ ஒரு குடும்பம் குடிவரப்போகும் வீட்டின் கூடத்தில் காலை வெயில் விழுந்திருந்தது.

"நல்லதும்மா," என்றார் சர்தார். "இனிமே ஒரு பிரச்சனையும் வராது. என்னைக் கூப்புட வேண்டிய வேலையே இருக்காது." ஏனோ அவர் குரல் இறங்கியிருந்தது.

"உங்களுக்கு எவ்ளோ குடுக்கணும்?"

"பேசுனதுக்கெல்லாமா காசு?" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. ஒருவரோடு இவ்வளவு நேரம் பேசி எத்தனை மாதமாகிறது என்று பூங்குழலி யோசித்துப் பார்த்தாள்.

வேலை கைவிட்டுப் போகவில்லை. கம்பெனி அடுத்த வீட்டின் வரைபடத்தையும் அனுப்பியது. செவ்வாய்க்கிழமை அரைக் கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு, நேரில் நன்றி சொல்லத் திருவண்ணாமலை ரோட்டுக்குப் போனாள். ஸ்டிக்கரில் இருந்த கதவு எண்ணைத் தேடி இரண்டு முறை நடந்தாள். அந்த எண்ணில் இருந்தது ஒரு செருப்புக் கடை. உள்ளே போய் விசாரித்தாள். வெளியே வந்தவள், ஸ்வீட் பெட்டியைக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு சர்தாருக்கு ஃபோன் செய்தாள்.

அப்போதும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"கடையிலயா பாய் இருக்கீங்க?"

"ஆமாம்மா. காலைலேர்ந்து ஒரே கூட்டம். பரவால்ல, சொல்லுங்க."

கடையை மூடி மூன்று வருடமாகிறது, மனைவி இறந்த பிறகு பாய் வீட்டில் தனியாகத்தான் கிடக்கிறார் என்று செருப்புக் கடைக்காரர் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

"ஒண்ணுமில்ல பாய்," என்றாள் பூங்குழலி, வீட்டில் துளிச் சத்தமில்லாமல் ஓடும் கம்ப்யூட்டரை நினைத்தபடி. "ஃபேன்ல ஏதோ சத்தம் வருது. கூட்டம் கொறஞ்சதும் கூப்புடுறீங்களா, எவ்ளோ நேரமானாலும் பரவால்ல."