கட்டிப்பிடித்த கப்பல்

அத்துவானக் கடற்கரையில் தனியாக நின்ற கலங்கரை விளக்கத்துக்குக் கப்பல்கள் மேல் தீராத மனத்தாங்கல். காலடிப் பாறையில் உடைந்து கிடந்த கப்பலுக்குள் குடியிருந்த நண்டிடம் ஒருநாள் அந்தியில் புலம்பித் தீர்த்தது.

"கட்டின நாள்லேருந்து கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கூப்பிடுறேன், தம்பி. எல்லாம் என்னைப் பார்த்ததுமே திரும்பிப் போயிடுதுங்க. என் சரித்திரத்துலேயே ஒரே ஒரு கப்பல்தான் கிட்ட வந்துச்சு. அதுதான் இப்போ உன் வீடு! அன்னைக்குன்னு பார்த்து என் விளக்கு அணைஞ்சுபோச்சு. அப்படியும் இருட்டுல தேடி வந்து, இந்தப் பாறையைக் கட்டிப்பிடிச்சது இன்னும் விடலை. பாசம்னா அதுதான்!"



தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. கலங்கரை விளக்கத்துக்கு உற்சாகம் பொங்கியது.

"இன்னைக்கும் விளக்கை அணைச்சுப் பார்க்கட்டுமா?"

நண்டு பதறிப்போய் இரண்டு கொடுக்கையும் தூக்கிக் கும்பிட்டது.

"வேண்டாம்ணே! எனக்கு இந்த ஒரு வீடே தாராளம்."