எழுத்துல குடுங்க, சார்

"அடுத்த மாசத்துலேருந்து வாடகை டபுள். முடிஞ்சா இருங்க, முடியலைன்னா காலி பண்ணுங்க!"

மாடிப்படியில் நின்றபடியே கத்தினார் ஹெட்கிளார்க். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். வீடு அவருடையது. கீழ்ப்பகுதியில் நர்ஸும் அவள் கணவனும் குடியிருந்தார்கள். கணவன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ், மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்படிப் படியில நின்னு கத்தினா எப்படி சார்? இது எங்களுக்குச் சொல்றதா, தெருவுக்குச் சொல்றதா?"

"வேற எப்படிச் சொல்லணுமாம்? பத்திரிகை அடிச்சா?"

"எழுத்துல குடுங்க. இப்ப என்ன வாடகை, இனிமே என்ன, எந்தத் தேதியிலேருந்துன்னு தெளிவா இருக்கணும். அதுவும் ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லணும். நாங்களும் அதுக்குள்ள ஒரு வழி பாக்க வேண்டாமா?"

"எழுதிக் குடுத்தா மட்டும் மறுபேச்சு இல்லாம கட்டிடுவீங்களாக்கும்!"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "எழுதறது சிரமம்னா விடுங்க சார். ஆஸ்பத்திரியில யாரையாவது எழுதித் தரச் சொல்றேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

சுருக்கென்று தைத்தது அவருக்கு.

"யாருக்குச் சிரமம், எனக்கா? நான் எழுதின கடிதத்துல ஒரு புள்ளியை மாத்த எந்த அதிகாரிக்கும் தைரியம் வந்ததில்ல, நர்ஸம்மா!"

விறுவிறுவென்று மேலே போய் வெள்ளைத் தாளோடு இறங்கி வந்தார். அவள் துடைத்துவிட்ட மேசையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். 'பொருள்: வாடகை உயர்வு' என்று எழுதி அடிக்கோடு இழுத்தார். எழுத எழுதப் பழைய மிடுக்கு திரும்பியது. உரக்கப் படித்துக்கொண்டே எழுதினார்.

"'என் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒன்பது ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருந்துவரும் தங்களுக்கு...' எப்படி?"

"பிரமாதம் சார்."

"'இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட வாடகையை உயர்த்தாத என் பெருந்தன்மையை...' இதையும் போடறேன். நாலு பேருக்குத் தெரியட்டும்."

"அவசியம் போடுங்க சார்."

"ஏய், என்ன பண்றே நீ?" என்று உள்ளேயிருந்து கணவன் பதறினான்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள்.

தேதி போட்டு, கையெழுத்தைச் சுழித்து, இன்னொரு தாளில் நகலும் எழுதினார். நகலில் அவள் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தாள்.

"முறைப்படி குடுத்தாச்சு. இனிமே வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்க மாட்டேன் சார்."

ஹெட்கிளார்க் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறினார்.

கணவன் பொரிந்து தள்ளினான். "இந்த வாடகைக்கு நாம எங்க போறது? கால் ஊன முடியாம நான் கிடக்கேன். நீ என்னடான்னா மேசையைத் துடைச்சுக் குடுத்து உக்கார வெக்கிறே!"

அவள் கதவைச் சாத்திவிட்டு செல்போனை எடுத்தாள். கண்ணில் நீர் முட்டியது, முகமோ சிரித்துக்கொண்டிருந்தது.

"வாடகை அதிகாரி மேடமா? வணக்கம் மேடம். என் வீட்டுக்காரருக்குக் கால் சரியாகிற வரைக்கும் எங்களை வெளியேத்தக் கூடாதுன்னு மனு குடுத்திருந்தேனே, அந்த நர்ஸ் பேசறேன். 'இவங்க என் குடித்தனக்காரங்களே இல்ல, பாவம் பாத்து ஓசியில தங்க வெச்சிருக்கேன்'னு போன வாரம் உங்க முன்னாடி எங்க ஓனர் சத்தியம் பண்ணினார். வாடகைக்கு இருக்கறதுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது காட்டும்மான்னு நீங்க கேட்டப்போ, என்கிட்ட ஒண்ணுமே இல்ல... இப்ப அவரே கைப்பட ஒரு முழுப் பக்கம் எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கார் மேடம்!"