கம்ப்யூட்டருக்குப் பிள்ளையார் சுழி

இருபத்தாறு மணி நேரமாகக் கம்ப்யூட்டர் ஓடவில்லை. கடைசியாக அதை அணைத்தவள் நான். திண்டிவனத்தில் எங்கள் பயிற்சி மையத்துக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

"இது ஓடலன்னா நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா," என்றார் முதலாளி சீனுவாசன்.

விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் ஜாபர் சாதிக் வந்தார். எல்லா ஒயர்களையும் கழற்றினார். உள்ளே இருந்த அட்டைகளை உருவி, முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினார்.

"தூசிதாம்மா பேஜாரு பண்ணிக்கினு இருந்துச்சு. உங்க தப்பு ஒண்ணுமில்ல."

மேஜைக்குப் பின்னால் குனிந்து ஒயர்களை மாட்டத் தொடங்கினார். சுவிட்சைப் போட்டதும் திரையில் பச்சை வெளிச்சம் வந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவேன். இதில் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் 'உ' மாதிரியே இருக்கும் இரண்டைத் தட்டுவது வழக்கம். தட்டினேன். திரையில் 2 வந்தது.

"மிஷினுக்குமா சுழி?" முதலாளி சிரித்தார். "நாளைக்கு ஜல்தியா வந்துடும்மா."

தலையாட்டினேன்.

ஜாபர் சாதிக் எழுந்து திரையைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார்.

"கீபோர்டு ஒயரு இன்னும் என் கையிலதாம்மா இருக்குது."